கேட்ட வோல்டைக் கொடுக்கும் போர்டு

கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றைப் புதிதாகக் கட்ட நினைப்பவர்கள் ப்ராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சீக்கிரமே முடிவு செய்துவிடுகிறார்கள். அவற்றுக்கு அளவுகோல் இருக்கிறது. இந்த விளையாட்டில் விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று பட்டியலே கிடைக்கும். மதர்போர்டுக்கு வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஒரே சிப்செட் போட்ட இரண்டு போர்டுகளுக்கு இடையே மூன்று மடங்கு விலை வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒரே ப்ராசசரை ஒரே செட்டிங்கில் இரண்டிலும் மாட்டி ஓட்டினால், ஃபிரேம் கணக்கில் வரும் வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? ஓவர்க்ளாக் செய்யப்போகிறவருக்காவது அது பயன்படுமா?

போர்டு எவ்வளவு மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கும் என்ற கேள்விக்கே இதுவரை அதிக இடம் கொடுத்துவந்திருக்கிறோம். நாம் சொன்ன வோல்டைத் துல்லியமாகக் கொடுக்கிறதா, நாம் சொல்லாததைத் தன்னிச்சையாகச் செய்யாமல் இருக்கிறதா என்பதுதான் இன்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நடந்தவை இந்த எண்ணத்தை உறுதிப்படுத்தின. அவற்றுக்குப் போகும் முன், போர்டுக்கும் ஓவர்க்ளாக்கிங்குக்கும் உள்ள உறவு எப்படி மாறியது என்று பார்த்துவிடலாம்.

1998-இல் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவு விலை ப்ராசசரை வெளியிட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 4.5-ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி அமைந்த சில்லு அது. பெருக்கெண்ணைப் பூட்டி வைத்திருந்தார்கள். பஸ் வேகம் மட்டும் போர்டின் கையில் இருந்தது. அதை 100 ஆக்கினால் ப்ராசசர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அன்று உச்சத்தில் இருந்த பென்டியம் 2-இன் வேகமும் அதுவேதான். 128 கிலோபைட் கேஷ் நினைவகம் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியதால், விளையாட்டுகளில் பல மடங்கு விலையுள்ள அந்த ப்ராசசருக்கு இது ஈடுகொடுத்தது. இதற்குத் துணை நின்ற போர்டுகளில் பெயர் பெற்றது ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6. போர்டில் ஜம்பர்களைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்த காலத்தில், பஸ் வேகத்தையும் வோல்டையும் பயாஸ் திரையிலேயே மாற்ற அது வழி செய்தது. பஸ்ஸை 100-க்கு உயர்த்தினாலும் ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் கடிகாரத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்து 66-லேயே நிறுத்திவைக்க முடிந்தது. ப்ராசசரை விரட்டும்போது மற்ற உறுப்புகளை அவற்றின் வழக்கமான வேகத்தில் காப்பாற்றத் தெரிந்த போர்டு அது. ஓவர்க்ளாக்கிங் போர்டின் இலக்கணம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்பேன்.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை இந்தக் கதவை மூடியது. ப்ராசசர், யுஎஸ்பி, சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாவற்றின் கடிகாரமும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. அதைச் சில சதவீதம் நகர்த்தினாலே ஏதாவது ஒன்று தடுமாறும். அதற்குப் பதிலாக, பெயரின் கடைசியில் ‘கே’ போட்ட ப்ராசசர்களில் மட்டும் பெருக்கெண்ணைத் திறந்துவிட்டார்கள். ஐ5-2500கே 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தோடு வந்தது. ஓரளவு நல்ல காற்றுக் கூலர் ஒன்றை வைத்து அதை 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனவர்கள் ஏராளம். ஆனால் பி67 சிப்செட் போர்டு வேண்டும். எச்67 போர்டில் அதே ப்ராசசரை மாட்டினால் பெருக்கெண் நகராது. ஓவர்க்ளாக்கிங் அனுமதிச் சீட்டு சிப்செட்டின் பெயருக்குள் போய் உட்கார்ந்தது அப்போதுதான்.

நடுவில் சந்துபொந்துகளும் கிடைத்தன. 2015 இறுதியில் ஸ்கைலேக் தலைமுறையின் ‘கே’ இல்லாத ப்ராசசர்களை அடிப்படைக் கடிகாரம் மூலம் ஓவர்க்ளாக் செய்யும் பயாஸ்களைச் சில போர்டு நிறுவனங்கள் வெளியிட்டன. 2022 தொடக்கத்தில், தனிக் கடிகாரச் சில்லு வைத்த சில போர்டுகளில் ஐ5-12400 போன்றவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு முறையும் பின்னால் வந்த மைக்ரோகோடு மேம்படுத்தல்கள் அந்த வழியை அடைத்தன. இப்படிப்பட்ட ஓட்டையை நம்பிப் போர்டு வாங்காதீர்கள். பாதுகாப்புக்காகப் பயாஸைப் புதுப்பித்த நாளில் வாங்கிய காரணமே போய்விடும்.

இன்றைய நிலை இது. இன்டெலில் ப்ராசசர் வேகத்தைக் கூட்ட இசட்790, இசட்890 போன்ற ‘இசட்’ சிப்செட் வேண்டும். பி760, பி860 போர்டுகளில் ரேம் வேகத்தைக் கூட்டலாம், ப்ராசசரைத் தொட முடியாது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் இன்னும் தாராளம். பி650, பி850 முதல் எக்ஸ்870இ வரை எல்லாமே ஓவர்க்ளாக்கிங்குக்குத் திறந்திருக்கின்றன. ஏ620, பி840 இரண்டையும் மட்டும் தவிர்க்க வேண்டும். எக்ஸ்870-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் யுஎஸ்பி4 போன்ற இணைப்பு வசதிகளுக்குப் போகிறது, ப்ராசசரின் வேகத்துக்கு அதில் பங்கில்லை. ‘எக்ஸ் என்றால் வேகம், பி என்றால் சாதாரணம்’ என்ற பேச்சு கடைகளில் இன்னும் ஓடுகிறது. ஏஎம்டி விஷயத்தில் அது தவறு.

அனுமதி கிடைத்தாலும் ஓவர்க்ளாக் செய்ய எவ்வளவு இடம் மிச்சம் என்ற கேள்வி இருக்கிறது. ஐ9-14900கே தொழிற்சாலையிலிருந்தே 6 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும். 2500கே காலத்தில் நாம் கூட்டிக்கொண்ட அந்த வேகத்தை இப்போது நிறுவனமே கூட்டிக்கொண்டு விற்கிறது. விளையாட்டுக்கென்றே பெயர் வாங்கிய ரைசன் 7 7800எக்ஸ்3டியில் பெருக்கெண் பூட்டப்பட்டிருந்தது. மேலே அடுக்கிய கூடுதல் கேஷ் சில்லு வெப்பத்தையும் வோல்டையும் அதிகம் தாங்காது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷை அடியில் தள்ளி, கோர்களைக் கூலருக்கு அருகே கொண்டுவந்தார்கள். அதனால் பூட்டும் திறந்தது. இன்று ஓவர்க்ளாக்கிங் என்பது பெரும்பாலும் மூன்று வேலைகள்: ஒவ்வொரு கோருக்கும் எவ்வளவு வோல்டைக் குறைத்தும் நிலையாக ஓடுகிறது என்று தேடும் கர்வ் ஆப்டிமைசர், ரேம் வேகமும் டைமிங்கும், இன்டெலின் கோர் அல்ட்ரா வரிசையில் சில்லின் துண்டுகளுக்கு இடையிலான இணைப்பு வேகம். மூன்றாவதை இன்டெலே 2025-இல் ‘200எஸ் பூஸ்ட்’ என்ற பெயரில் உத்தரவாதத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. மூன்று வேலைகளிலும் போர்டிடம் நாம் எதிர்பார்ப்பது அடக்கத்தையும் துல்லியத்தையும். பலம் அடுத்தபடி.

பலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கும் கணக்கு இருக்கிறது. போர்டில் ப்ராசசர் சாக்கெட்டைச் சுற்றி இரண்டு பக்கம் ஹீட் சிங்க் மூடியிருக்கும் பகுதிதான் வி.ஆர்.எம். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்டை ப்ராசசர் கேட்கும் ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஐ9-14900கேயின் உச்ச வரம்பான 253 வாட்டை 1.2 வோல்டில் கொடுக்க 210 ஆம்பியர் வேண்டும். இந்த மாற்றம் 90 சதவீதத் திறனோடு நடந்தால்கூட 28 வாட் போர்டிலேயே வெப்பமாக இறங்கும். அதைக் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகள் சில சேர்ந்து தாங்க வேண்டும்.

சுமையை ஒரே சில்லின் மேல் போடாமல் பல ‘பேஸ்’களாகப் பிரிக்கிறார்கள். ஒரே உரலில் மூன்று பேர் மாறி மாறி உலக்கை போடுவது போன்ற ஏற்பாடு. ஒருவர் குத்தும்போது மற்றவர் உலக்கையைத் தூக்குகிறார், குத்து இடைவிடாமல் விழுகிறது, யாருக்கும் கை சோர்வதில்லை. பேஸ் கூடக் கூட வெளியே வரும் வோல்டின் அலைவு குறையும், வெப்பம் பரவும். அட்டைப்பெட்டியில் ‘16+1+2’ என்று போட்டிருந்தால் முதல் எண் கோர்களுக்கானது, மற்றவை உள்ளிணைந்த கிராஃபிக்ஸுக்கும் மற்ற பகுதிகளுக்கும். இந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. பதினாறு என்று எழுதியிருப்பது பல போர்டுகளில் எட்டுக் கட்டளைகள்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு சில்லுகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அது மோசடியல்ல, நல்ல வடிவமைப்பாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சில்லும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று தெரியாமல் பேஸ் எண்ணிக்கைக்குப் பொருள் கிடையாது. 50, 60, 80, 90, 110 ஆம்பியர் என்று தரங்கள் உண்டு. 210 ஆம்பியரைப் பதினாறாகப் பங்கிட்டால் ஒன்றுக்குப் பதின்மூன்றுதான் வருகிறது. 110 ஆம்பியர் சில்லுகள் பதினாறு வைத்த போர்டு, திரவ நைட்ரஜன் ஊற்றிச் சாதனை படைப்பவர்களுக்குத் தேவைப்படலாம். தண்ணீர்க் கூலரோ காற்றுக் கூலரோ வைத்திருப்பவரின் ப்ராசசர் வெப்ப எல்லையைத் தொட்ட பிறகும் அந்த வி.ஆர்.எம். பாதி விழித்த நிலையிலேயே இருக்கும்.

ஹீட் சிங்க்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரரிடம் கேட்டுப் போர்டைக் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் பாருங்கள், முடியாவிட்டால் பக்கவாட்டுப் படத்தைத் தேடுங்கள். வெட்டுகளும் இடைவெளிகளும் உள்ள கனமான அலுமினியமா, அல்லது வழவழப்பான கட்டியின் மேல் பிளாஸ்டிக் முகமூடியா? வெப்பம் வெளியேறப் பரப்பு வேண்டும், காற்று நுழைய வழி வேண்டும். 2017-இல் இன்டெலின் எக்ஸ்299 போர்டுகள் வந்தபோது, ‘டெர் பாவர்’ என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய ஓவர்க்ளாக்கர் ரோமன் ஹார்ட்டுங் இதைத்தான் போட்டு உடைத்தார். பத்துக் கோர் ப்ராசசரை ஓவர்க்ளாக் செய்தால் வி.ஆர்.எம். கொதித்து, ப்ராசசரின் வேகம் தானாக இறங்கியது. அலங்காரமாக மூடப்பட்ட உலோகக் கட்டிகள் வெப்பத்தை வெளியே விடவில்லை. ஒரே எட்டு முள் கேபிள் வழியாக அவ்வளவு மின்சாரமும் வந்ததால் கேபிளும் சூடானது. அந்த விமர்சனத்துக்குப் பிறகு போர்டு நிறுவனங்கள் ஹீட் சிங்க்கைப் பற்றி அதிகம் பேச ஆரம்பித்தன. ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு போன்ற யூடியூப் சேனல்கள் மலிவு போர்டுகளைப் பெரிய ப்ராசசர்களோடு மாட்டி வெப்பநிலை அட்டவணை வெளியிடுவது வழக்கமானது. நம் வசதிக்கு உண்மையில் உதவுகிற சோதனை அதுதான்.

இந்தச் சோதனைகளைப் படிக்கும்போது ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டும். அவை பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. சென்னையிலோ மதுரையிலோ சித்திரை மாதப் பிற்பகலில் ஏசி இல்லாத அறை 36 டிகிரியைத் தொடும். சோதனையில் 85 டிகிரி காட்டிய வி.ஆர்.எம். நம் வீட்டில் 100 டிகிரி என்று எடுத்துக்கொள்வது நல்லது. சில்லுகள் அதைத் தாங்கும், ஆனால் அருகில் உள்ள கெப்பாசிட்டர்களின் ஆயுள் வெப்பத்தில் தேயும். தண்ணீர்க் கூலர் வைப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ப்ராசசரின் மேல் விசிறி இல்லாததால் வி.ஆர்.எம். மேல் காற்றே படாமல் போகும். மேலே சொன்ன வெட்டுகள் உள்ள கனமான ஹீட் சிங்க்குக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஊர் வெயிலை நினைத்துத்தான்.

வோல்டின் துல்லியத்துக்கு வருவோம். ப்ராசசர் சும்மா இருக்கும்போது 1.35 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையில் அது தானாகக் கொஞ்சம் இறங்கும். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. இன்டெல் ஐ9-14900கே போன்ற பெரிய ப்ராசசர்களுக்குச் சொல்லும் சரிவு 1.1 மில்லிஓம். 200 ஆம்பியர் ஓடினால் 0.22 வோல்ட் இறங்கும். சுமை திடீரென்று விலகும்போது வோல்ட் எம்பிக் குதிக்கும், அந்தக் குதிப்பு எல்லை தாண்டாமல் இருக்கவே இந்த இறக்கம். பயாஸில் ‘லோடு லைன் கேலிபரேஷன்’ என்ற அமைப்பு இந்தச் சரிவைக் குறைக்கிறது. புதிதாக ஓவர்க்ளாக் செய்பவர்கள் அதை உச்சத்தில் வைத்து நேர்க்கோடு போல வோல்ட் கிடைக்கிறது என்று மகிழ்கிறார்கள். சுமை விலகும் அந்த நுண்நொடியில் ப்ராசசர் வாங்கும் அடி எந்த மென்பொருளிலும் தெரியாது, அலைமானியில்தான் தெரியும். நல்ல போர்டு நடு நிலையிலேயே நிலைத்து நிற்கும், அடுத்த சுமைக்கு வேகமாக ஈடுகொடுக்கும். மட்டமான போர்டில் நிலைத்தன்மை வேண்டி உச்சத்துக்குப் போகத் தள்ளப்படுகிறோம். விலையில் நியாயமான வித்தியாசம் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இனி 2023-க்கு வரலாம். ஏப்ரல் மாதம் ரைசன் 7000எக்ஸ்3டி வரிசை ப்ராசசர்கள் சில சாக்கெட்டிலேயே கருகிய படங்கள் வெளிவந்தன. ப்ராசசரின் அடிப்பகுதி உப்பியிருந்தது, போர்டின் முட்கள் எரிந்திருந்தன. கேமர்ஸ் நெக்சஸ் சேனல் கருகிய ப்ராசசரையும் போர்டையும் வாங்கி ஆய்வு செய்தது. காரணத்தின் மையத்தில் இருந்தது எஸ்ஓசி வோல்ட், அதாவது ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம். ரேம் பெட்டியில் எழுதிய வேகத்தைப் பெற எக்ஸ்போ என்ற ஒற்றைப் பொத்தானை அழுத்துகிறோம். போர்டுகள் நிலைத்தன்மையை உறுதிசெய்யத் தாமாகவே அந்த வோல்டைத் தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டன. ஏஎம்டி புதிய பயாஸ் அடிப்படை மென்பொருளை அனுப்பி எஸ்ஓசி வோல்டை 1.3-க்கு மேல் போகவிடாமல் பூட்டியது. ப்ராசசரைக் கருகக் கொடுத்தவர்களில் பலர் தங்களை ஓவர்க்ளாக் செய்பவர்களாக நினைத்ததே கிடையாது. பெட்டியில் எழுதிய வேகத்தைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு இன்டெலின் முறை. 13, 14-ஆம் தலைமுறை ஐ9, ஐ7 ப்ராசசர்கள் சில மாதங்கள் நன்றாக ஓடிவிட்டு, விளையாட்டு தொடங்கும்போதே ‘கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை’ என்ற பொய்ப் பிழையோடு விழுந்தன. முதலில் சந்தேகம் போர்டுகள் மேல் விழுந்தது, அதற்கு நியாயமும் இருந்தது. 253 வாட் என்று இன்டெல் சொன்ன வரம்பை எத்தனையோ போர்டுகள் 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லை என்று, பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே வைத்திருந்தன. விமர்சகர்களின் அட்டவணையில் ஓரிரு சதவீதம் மேலே தெரியவேண்டும் என்ற போட்டிதான் காரணம். இன்டெலின் விசாரணை முடிவில் பழி இரு பக்கமும் விழுந்தது. போர்டுகளின் வரம்பு மீறல் ஒரு காரணம். இன்டெலின் சொந்த மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்ட் கேட்டது அதைவிடப் பெரிய காரணம். கூடுதல் வோல்டும் வெப்பமும் சேர்ந்து சில்லுக்குள் கடிகாரச் சுற்றின் ஒரு பகுதியைத் தேய்த்துவிட்டன. 2024-இல் அடுத்தடுத்து வந்த 0எக்ஸ்125, 0எக்ஸ்129, 0எக்ஸ்12பி மைக்ரோகோடுகள் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தன. உத்தரவாதமும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்த சில்லுக்கு எந்த மைக்ரோகோடும் உயிர் தராது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயாஸில் ‘ஆட்டோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்களை வைத்திருக்கிறது. ஆகவே ஒரு போர்டைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் நான் பார்ப்பது பயாஸ் பட்டியலை: கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை நாளில் வந்தன, சில்லு நிறுவனத்தின் வரம்பை அப்படியே ஏற்கும் ‘டீஃபால்ட்’ தேர்வு தனியாக இருக்கிறதா, கூடுதல் வேகத் தேர்வுகள் தானாக இயங்காமல் அணைத்த நிலையில் வருகின்றனவா. விலை குறைந்த போர்டுகளுக்குப் பயாஸ் தாமதமாக வருவது எல்லா நிறுவனங்களிலும் நடக்கிறது. நிறுவனத்தின் பெயரை நம்பி வாங்காமல், வாங்கப்போகும் அந்த மாடலின் பக்கத்தையே திறந்து தேதிகளைப் பாருங்கள்.

ரேம் விஷயத்தில் போர்டு நிஜமாகவே வேலை செய்கிறது. டிடிஆர்5-6000 என்றால் ஒரு கம்பியில் விநாடிக்கு 600 கோடி பிட்கள். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 167 பிக்கோ விநாடி. அந்த நேரத்தில் போர்டின் செப்புத் தடத்தில் சமிக்ஞை நகர்வது ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். ப்ராசசருக்கும் ரேம் ஸ்லாட்டுக்கும் இடையிலான தூரம் அதைவிட அதிகம். அதாவது முதல் பிட் போய்ச் சேரும் முன் அடுத்தடுத்த பிட்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டன. வழியில் காலியான ஸ்லாட் ஒன்று இருந்தால் சமிக்ஞை அதில் மோதித் திரும்பிவந்து அடுத்த பிட்டைக் கலைக்கும். ரேமை ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொல்வது இதனால்தான். தடத்தின் கடைசியில் ரேம் இருந்தால் தொங்கும் வால் இருக்காது. ரேம் சாதனைக்கென்றே வரும் போர்டுகளில், அசுஸின் ஏபெக்ஸ், கிகாபைட்டின் டாக்கியான் போன்றவற்றில், இரண்டே ஸ்லாட் இருப்பதும் இதே காரணத்தால். எட்டு அடுக்குப் பலகை, ஆறு அடுக்கைவிட நல்லது. விவரக் குறிப்பில் இதை எழுதாத போர்டை 7000-க்கு மேல் நம்ப வேண்டாம்.

ஆனால் எல்லோருக்கும் 8000 தேவையா? ஏஎம்5-இல் 6000 வரை, நல்ல சில்லாக இருந்தால் 6400 வரை, ரேமும் அதன் கட்டுப்பாட்டுப் பகுதியும் ஒரே கடிகாரத்தில் ஓடும். அதைத் தாண்டினால் கட்டுப்பாட்டுப் பகுதி பாதி வேகத்துக்கு இறங்குவதால் 8000 வாங்கியும் விளையாட்டில் பலன் சொற்பம். எக்ஸ்3டி ப்ராசசர்களில் பெரிய கேஷ் இருப்பதால் ரேம் வேகத்தின் தாக்கம் இன்னும் குறைவு. ஆகவே 6000-ஐ நன்றாக ஓட்டும் நடுத்தர பி650, பி850 போர்டே போதும். இன்டெல் கோர் அல்ட்ரா வாங்குபவர்களுக்குத்தான் ரேமுக்கேற்ற போர்டு பொருட்டு. அங்கே கடிகாரச் சில்லு பொருத்திய சியுடிம் ரேம்கள் 8000-ஐச் சுலபமாகத் தாண்டுகின்றன. எந்தப் பக்கமானாலும் நான்கு ரேம் போடாதீர்கள். ரைசன் 7000 வரிசையில் நான்கு ரேமுக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600தான். 32 ஜிபி வேண்டுமானால் இரண்டு 16, 64 வேண்டுமானால் இரண்டு 32.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் கிராஃபிக்ஸ் கார்டின் பாதை 16-லிருந்து 8-ஆகக் குறையும் போர்டுகள் பல உண்டு. கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். இன்றைய கார்டுகளுக்கு இழப்பு சிறிதுதான் என்றாலும் தெரியாமல் இழக்க வேண்டாம். ஒலிச் சில்லு, பளபள விளக்கு, வைஃபை ஆண்டெனாவின் அழகு ஆகியவற்றுக்கு ஓவர்க்ளாக்கிங்கோடு சம்பந்தமில்லை. ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் மட்டும் கட்டாயம். பழைய ஸ்டாக் பி650 போர்டில் புதிய 9800எக்ஸ்3டியை மாட்டினால் திரையே வராமல் போகலாம், அப்போது அந்தப் பொத்தான் காப்பாற்றும். செட்டிங்கை அழித்துப் பழைய நிலைக்குத் திரும்பும் பொத்தான் பின்பக்கமே இருப்பதும், எங்கே நின்றது என்று காட்டும் இரண்டிலக்க எண் திரையும், ரேம் டைமிங்கில் இறங்குபவர்களுக்கு மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடைக்குப் போகும்போது ‘காம்போ’ ஆசையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ‘ஐ9-க்கு இந்தப் போர்டே போதும் தம்பி, எல்லாரும் இதான் வாங்கிட்டுப் போறாங்க’ என்று சொல்பவர் ஸ்டாக்கைக் காலி செய்யப் பார்க்கிறார். உத்தரவாதம் நிறுவனத்தின் இந்தியச் சேவை மையம் தருகிறதா, இறக்குமதியாளர் தருகிறாரா என்று கேட்டு, பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். 200எஸ் பூஸ்ட் போன்ற விலக்குகளைத் தவிர, எக்ஸ்போ, அதன் இன்டெல் வடிவமான எக்ஸ்எம்பி உட்பட எல்லா ஓவர்க்ளாக்கிங்கும் விதிப்படி ப்ராசசர் உத்தரவாதத்துக்கு வெளியே என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், விளையாட்டே முக்கியம் என்பவருக்கு 9800எக்ஸ்3டி, அதற்கு நடுத்தர விலையில் பி650 அல்லது பி850 போர்டு. அந்த ப்ராசசரின் முழு வரம்பே 162 வாட். விளையாட்டில் பெரும்பாலும் அதில் பாதி அளவில்தான் ஓடும். 60 ஆம்பியர் சில்லுகள் பன்னிரண்டு வைத்த எந்த வி.ஆர்.எம்மும் அதைச் சிரமமின்றிச் சுமக்கும். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்கப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருப்பதால் அடுத்த ப்ராசசரும் இதே போர்டில் உட்காரலாம். எக்ஸ்870இ வாங்காததால் மிச்சமாகும் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள். விளையாட்டோடு வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையும் இருப்பவர், ரேமோடு மல்லுக்கட்டுவதில் இன்பம் காண்பவர், கோர் அல்ட்ரா 7 265கேயோடு நல்ல இசட்890 போர்டு வாங்கலாம். எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இன்று புதிதாகக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 14-ஆம் தலைமுறையோடு அதன் பாதை முடிந்துவிட்டது.

போர்டு வந்து மாட்டிய முதல் மாலையில் எதையும் கூட்டாதீர்கள். பயாஸைப் புதுப்பித்து, டீஃபால்ட் நிலையில் சினிபெஞ்சை அரைமணி நேரம் ஓட்டுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் கோர் வோல்ட், வாட், வி.ஆர்.எம். வெப்பம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எக்ஸ்போவை இயக்கி எஸ்ஓசி வோல்டைப் பாருங்கள். ஆட்டோ அதை 1.3-க்கு நெருக்கமாக வைத்திருந்தால் கையால் 1.2-க்கு இறக்கி மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். 6000-க்குப் பெரும்பாலும் 1.2 போதும், பிழை வந்தால் 0.02 ஏற்றி மறுபடி ஓட்டலாம். அதற்கும் பிறகுதான் கர்வ் ஆப்டிமைசர், அதுவும் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10-இல் தொடங்கி.